விக்டோரியா ஏரிக்குக் கோவையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு: எந்தக் கரை, எந்த மாதம், எந்த விசா

திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியோடு போனவர், திருப்பூரிலிருந்து துணி வியாபாரமாகப் போனவர், கம்பெனி அனுப்பிப் போனவர் என்று கிழக்கு ஆப்பிரிக்காவில் நம்ம பக்கத்து ஆள் யாராவது ஒருவர் உறவிலோ ஊரிலோ இருப்பார். அவரைப் பார்க்கப் போகும்போது, "அப்படியே அந்தப் பெரிய ஏரியையும் பார்த்துட்டு வந்துடலாமுங்க" என்று பேச்சு வரும். இந்தக் கட்டுரை அவர்களுக்கும், யாரும் இல்லாமல் தாங்களாகவே கிளம்புகிறவர்களுக்கும். நாங்கள் குடும்பமாகப் போனபோது ஏஜென்ட் ஒன்று சொன்னார், சொந்தக்காரர் ஒன்று சொன்னார், விமான நிலையத்தில் வேறொன்று கேட்டார்கள். அந்தக் குழப்பம் உங்களுக்கு வேண்டாம் என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். கட்டணங்கள் மாறக்கூடியவை, பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. விசாவுக்கு முன்னால் கரையை முடிவு செய்யுங்கள்

பெரும்பாலும் முதலில் விசா, அப்புறம் டிக்கெட், அங்கே போய் இறங்கிய பிறகு "ஏரிக்கு எப்படிப் போவது" என்று விசாரிப்பார்கள். இந்த ஏரிக்கு அது சரிவராது. காரணம் அதன் அளவு. பரப்பு சுமார் 68,800 சதுர கிலோமீட்டர். கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி, கரூர், நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என ஒன்பது மாவட்டங்களையும் கூட்டினாலும் 40,000 சதுர கிலோமீட்டரைத் தொடாது. தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல் ஒரே தண்ணீர். வடக்கு தெற்காக 300 கிலோமீட்டருக்கு மேல், கிழக்கு மேற்காகச் சுமார் 240 கிலோமீட்டர். பரப்பளவை வைத்துப் பார்த்தால் உலகத்து நன்னீர் ஏரிகளில் இது இரண்டாவது. முதலாவது வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரி. ஒரு கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது. ஒரு கரையைப் பார்த்துவிட்டு மாலையில் இன்னொரு கரைக்குப் போய் வரலாம் என்ற நினைப்பை இங்கேயே விட்டுவிடுங்கள்.

இவ்வளவு பெரிய ஏரிக்கு ஆழம் குறைவு. சராசரி 40 மீட்டர், அதாவது 130 அடி சொச்சம். மேட்டூர் அணையின் 120 அடியைத் தினமும் செய்தியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஏறக்குறைய அந்த ஆழம்தான். மிக ஆழமான இடத்திலும் 80 மீட்டரைச் சற்றே தாண்டும். ஆனால் பரப்பு அப்படி என்பதால் கொள்ளளவு ஏறத்தாழ ஆயிரம் மேட்டூர் அணைகளுக்குச் சமம். ஆழம் குறைந்து அகலம் கூடிய நீர்ப்பரப்பில் காற்றடித்தால் அலை சீக்கிரம் எழும்பிவிடும். படகு ஏறும்போது இதை நினைவில் வையுங்கள். 7ஆம் படியில் விவரமாகச் சொல்கிறேன்.

இந்தத் தண்ணீரை மூன்று நாடுகள் பங்கு போட்டிருக்கின்றன. ஏறக்குறைய பாதி தான்சானியாவுக்கு, நாற்பது சதவீதத்துக்கு மேல் உகாண்டாவுக்கு, சுமார் 6 சதவீதம் மட்டும் கென்யாவுக்கு. மூன்று கரையும் ஒன்றுபோல் இருக்காது.

வடக்குக் கரை, உகாண்டா. என்டபே விமான நிலையமே ஏரிக்குள் நீண்டிருக்கும் நிலத்தில்தான் இருக்கிறது. விமானம் இறங்கும்போதே ஜன்னல் வழியாகத் தண்ணீர் தெரியும். பக்கத்திலேயே மபம்பா சதுப்புநிலம், சற்றுத் தள்ளி 84 தீவுகள் கொண்ட செசே தீவுக்கூட்டம், தலைநகர் கம்பாலாவிலிருந்து கிழக்கே 80 கிலோமீட்டரில் ஜின்ஜா. ஏரிக்குள் எத்தனையோ ஆறுகள் வந்து விழுகின்றன. அவற்றில் பெரியது மேற்கிலிருந்து வரும் ககேரா. வெளியே போகும் ஆறு ஒன்றே ஒன்றுதான், அது ஜின்ஜாவில் கிளம்பும் நைல். 1954இல் அணை கட்டியபோது அங்கிருந்த ரிப்பன் அருவி நீருக்குள் மூழ்கிவிட்டது. அதனால் கொட்டும் அருவியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஏரியின் தண்ணீர் நகரத் தொடங்கி ஆறாக மாறுவதைப் படகிலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான். 1948இல் காந்தியின் அஸ்தியில் ஒரு பகுதியை இங்கேதான் கரைத்தார்கள். அவருக்கு ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது.

கிழக்குக் கரை, கென்யா. கிசுமு நகரம் வினாம் வளைகுடாவின் உள்மூலையில் இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் திறந்த ஏரி தெரியாது. ஒடுங்கிய வளைகுடாதான், அதுவும் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும். சிங்காநல்லூர், உக்கடம் குளங்களில் நாம் பார்க்கிற அதே செடி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் மொத்தமாக நகரும். காலையில் வெறும் தண்ணீராக இருந்த படகுத்துறை மாலையில் பச்சைப் புல்வெளியாகி, படகு சிக்கிக்கொள்ளும். மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் வழியில் பார்க்கலாம். ஏரிக்காகவே போகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

தெற்குக் கரை, தான்சானியா. முவான்சா நகரம் பாறைகளின் ஊர். தண்ணீருக்குள்ளிருந்து உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். நம்ம சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்துக் கண்ணுக்கு அது அந்நியமாகவே தெரியாது. ஏரியின் மிகப் பெரிய தீவான உகெரெவே, நகரத்தை ஒட்டிய சானானே தீவு, தென்மேற்கில் காடடர்ந்த ருபோண்டோ தீவு எல்லாம் இந்தப் பக்கம். செரெங்கெட்டி வனவிலங்குப் பூங்காவின் மேற்கு முனை கிட்டத்தட்ட ஏரியைத் தொடும். அழகில் இந்தக் கரைதான் முதலிடம் என்பேன். ஆனால் தார் எஸ் ஸலாம் போய் உள்நாட்டு விமானம் பிடிக்க வேண்டும். செலவும் நாளும் கூடும்.

முதல் தடவை போகிறவர்கள், வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் உகாண்டா கரையை எடுத்துக்கொள்ளுங்கள். இனி வரும் படிகளை அதை மனதில் வைத்தே எழுதுகிறேன்; மற்ற இரண்டையும் தேவையான இடத்தில் சொல்கிறேன்.

2. ஏப்ரல், மே வேண்டாம்

பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்று நாம் கிளம்புவது ஏப்ரல், மே. ஏரிக்கரையில் அதுதான் பெருமழைக் காலம். மார்ச்சில் தொடங்கி மே வரை கொட்டும். அக்டோபர், நவம்பரிலும் ஒரு மழைக்காலம் உண்டு. நல்ல மாதங்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அதை விட்டால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. ஆடியில் நமக்குக் கல்யாணம், விசேஷம் எதுவும் இருக்காது. அந்த மாதத்தில் போவது வசதி.

மழை இந்த ஏரிக்கு வெறும் பருவநிலை இல்லை. ஏரிக்கு வரும் தண்ணீரில் சுமார் 80 சதவீதம் ஆறுகள் கொண்டுவருவதில்லை, ஏரியின்மேல் நேராகப் பெய்யும் மழைதான். அதனால் நல்ல மழை பெய்த ஆண்டுகளில் நீர்மட்டம் ஏறிக் கரையையே விழுங்கிவிடும். 2020 மே மாதமும் 2024 மே மாதமும் அப்படித்தான் ஆயிற்று. என்டபே கரையோர விடுதிகளுக்குள் தண்ணீர் புகுந்தது. இணையத்தில் மணல்கரையோடு படம் போட்டிருக்கும் விடுதிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், அந்தக் கரை இப்போது எப்படி இருக்கிறது என்று இந்த வாரத்துப் படம் ஒன்று கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் வேறு விடுதி பாருங்கள்.

குளிருக்கு மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று போதும். நிலநடுக்கோடு ஏரியின் வடபகுதியிலேயே ஓடுகிறது. ஆனாலும் ஏரி கடல்மட்டத்திலிருந்து 1,134 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஏறக்குறைய வால்பாறை உயரம், வெயில் சுட்டாலும் புழுக்கம் இருக்காது. எந்த மாதம் போனாலும் மாலை ஏழு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நாள் திட்டத்தை அதற்கேற்ப வையுங்கள்.

3. பாஸ்போர்ட்டும் பெயரும்

திரும்பி வரும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், வெற்றுப் பக்கங்கள் இருக்க வேண்டும். புதிதாக எடுப்பதானால் 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கலுக்கு மேலும் 2,000 ரூபாய்.

நமக்கு உள்ள பெரிய தொல்லை பெயர். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். பெயர் மட்டும், அல்லது பெயரோடு இனிஷியல். ஆன்லைன் விசாப் படிவம் குடும்பப்பெயர் இல்லாமல் நகராது. சிலர் அந்த இடத்தில் இனிஷியலை அடிப்பார்கள், சிலர் ஊர்ப்பெயரை. பிறகு டிக்கெட்டில் ஒரு பெயர், விசாவில் ஒரு பெயர், மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழான மஞ்சள் புத்தகத்தில் ஒரு பெயர் என்று ஆகிவிடும். பாஸ்போர்ட்டில் எப்படி அச்சாகியிருக்கிறதோ எழுத்து மாறாமல் அதையே மூன்றிலும் போடுங்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் நேரம் இருந்தால் தந்தை பெயரைக் குடும்பப்பெயராகச் சேர்த்து மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது. வழியில் ஷார்ஜாவிலோ துபாயிலோ வெளியே இறங்கிச் சொந்தக்காரரைப் பார்க்கும் எண்ணம் இருந்தால் இது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருகிறவர்களுக்கு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

4. மஞ்சள் காய்ச்சல் ஊசி: இதைத்தான் கடைசி வாரத்துக்குத் தள்ளுவார்கள்

தள்ளாதீர்கள். உகாண்டாவுக்கு இது கட்டாயம். விசா விண்ணப்பத்திலேயே சான்றிதழைப் பதிவேற்றச் சொல்வார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். அதன்பிறகு ஆயுள் முழுவதும் செல்லும். பழைய புத்தகத்தில் பத்து ஆண்டு என்று அச்சாகியிருந்தாலும் கவலைப்பட வேண்டாம்.

எந்த மருத்துவமனையிலும் போட்டுக்கொள்ள முடியாது. மத்திய அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அப்படி ஒன்று. அரசு மையத்தில் கட்டணம் சுமார் 300 ரூபாய்தான். கோவையிலிருந்து சென்னை போய்வரும் செலவு அதைவிடப் பல மடங்கு. மருந்துப் புட்டியைத் திறந்தால் சில மணி நேரத்துக்குள் பலருக்குப் போட்டு முடிக்க வேண்டும் என்பதால் குறிப்பிட்ட நாட்களில், முன்பதிவு செய்தவர்களுக்கே போடுவார்கள். பதிவு உறுதியான பிறகு ரயில் டிக்கெட் எடுங்கள். அசல் பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டு போங்கள். அதன் எண்ணைச் சான்றிதழில் எழுதுவார்கள். எழுதியதை அங்கேயே நின்று சரிபாருங்கள்.

முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 60 வயதைத் தாண்டியவர்கள், ஒன்பது மாதத்துக்குக் குறைந்த குழந்தைகள் இந்த ஊசியைச் சட்டென்று போட்டுக்கொள்ளக் கூடாது. அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறவர்கள் முதலில் குடும்ப மருத்துவரிடம் கேளுங்கள்.

"நான் தான்சானியாவுக்கு மட்டும்தானே போகிறேன்" என்று சிலர் விட்டுவிடுவார்கள். உகாண்டாவிலிருந்தோ கென்யாவிலிருந்தோ எல்லை தாண்டித் தான்சானியாவுக்குள் போனால் இந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். எந்தக் கரையானாலும் போட்டுக்கொண்டு போவதே நிம்மதி.

மலேரியாவுக்கு நம்மைப் போன்ற பயணிகளுக்கு ஊசி கிடையாது, மாத்திரை உண்டு. ஏரிக்கரை முழுவதும் மலேரியா இருக்கும் பகுதி. போவதற்கு முன்பே தொடங்கி, வந்த பிறகும் சில நாள் விழுங்க வேண்டிய மாத்திரைகள் அவை. எது உங்களுக்குச் சரி என்பதை மருத்துவர் சொல்லட்டும். மருந்துக்கடையில் தானாக வாங்காதீர்கள்.

5. விசா: மூன்று நாடு என்றால் எந்த மூன்று?

எங்களுக்கு விசா எடுத்த ஏஜென்ட், "நூறு டாலர்ல மூணு நாட்டுக்கும் ஒரே விசாங்க, ஏரியை ஒரு சுத்து சுத்திடலாம்" என்றார். பாதி உண்மை. கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா என்று ஒன்று இருக்கிறது. 100 டாலர், 90 நாள், பலமுறை உள்ளே வெளியே போகலாம். ஆனால் அதில் இருப்பவை உகாண்டா, கென்யா, ருவாண்டா. ஏரியைச் சுற்றி இருப்பவையோ உகாண்டா, கென்யா, தான்சானியா. ருவாண்டாவுக்கு இந்த ஏரியில் கரையே இல்லை. இதை நம்பி முவான்சா விடுதிக்கு முன்பணம் கட்டியிருந்தால் அது போனதுதான்.

சரி, எதை எடுப்பது?

உகாண்டா மட்டும் என்றால் அந்நாட்டுச் சாதாரண இணைய விசா, 50 டாலர். அட்டையில் கட்டும்போது மேலே கொஞ்சம் பிடிப்பார்கள். தேவையானவை: பாஸ்போர்ட் முகப்புப் பக்கம், புகைப்படம், மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ். போகவர டிக்கெட்டும் விடுதிப் பதிவும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், கேட்கலாம். வரும் அனுமதிக் கடிதத்தை அச்செடுத்துக் கொண்டுபோக வேண்டும். விரல்ரேகை, விசா எல்லாம் என்டபேயில்தான். வேலைநாள் இரண்டு மூன்றில் வந்துவிடும் என்பார்கள். புகைப்படம் மங்கல் என்று ஒருமுறை திருப்பினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும், எனவே மூன்று வாரம் முன்பே போடுங்கள்.

கென்யா 2024 ஜனவரியிலிருந்து விசாவை எடுத்துவிட்டு மின்னணுப் பயண அனுமதி முறைக்கு மாறிவிட்டது. கட்டணம் 30 டாலரும் சில்லறையும்.

தான்சானியாவுக்குத் தனி இணைய விசா, ஒருமுறை நுழைவுக்கு 50 டாலர். மூன்றிலும் மெதுவாக வருவது இதுதான். இரண்டு வாரமாவது கையில் வையுங்கள்.

உகாண்டாவும் கென்யாவும் சேர்த்துப் பார்ப்பதானால் மட்டும் அந்த 100 டாலர் விசாவை யோசியுங்கள். தனித்தனியாக எடுத்தால் சுமார் 80 டாலர்தான் ஆகும் என்பதையும் கவனியுங்கள். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போய் மறுபடி திரும்பினால்தான் நூறுக்கு அர்த்தம். அதை எந்த நாட்டிடம் வாங்குகிறீர்களோ அந்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும். உகாண்டாவில் வாங்கிவிட்டு நைரோபிக்கு டிக்கெட் போடாதீர்கள்.

இன்னொரு கண்ணி, தேடினால் முதலில் வந்து நிற்கும் போலி முகப்புத் தளங்கள். அரசுத் தளம் போலவே இருக்கும், இரண்டு மூன்று மடங்கு பணம் வாங்கும். முகவரியின் வால் கென்யாவுக்கு "go.ke", உகாண்டாவுக்கு "go.ug", தான்சானியாவுக்கு "go.tz" என்று முடிகிறதா பாருங்கள். இல்லையென்றால் மூடிவிடுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுற்றுலா விசாவில் இறங்கி அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வேலை அனுமதி தனி. அதைக் கம்பெனி முன்கூட்டியே எடுத்துத் தர வேண்டும்.

6. டிக்கெட்டும் பணமும்

கோவையிலிருந்து ஷார்ஜா வழியாக ஏர் அரேபியாவில் என்டபேக்கோ நைரோபிக்கோ ஒரே டிக்கெட்டில் போகலாம். சாப்பாடு, லக்கேஜ் எல்லாம் தனிக்காசு என்பதைக் கூட்டிப் பார்த்து ஒப்பிடுங்கள். மும்பையிலிருந்து உகாண்டா ஏர்லைன்ஸ் நேராக என்டபேக்குப் பறக்கிறது. அதற்கு கோவை மும்பை டிக்கெட்டைத் தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது, பணமும் திரும்பாது. ஒரு இரவு இடைவெளி விடுங்கள்.

டாலரைப் பழைய நோட்டாக வாங்காதீர்கள். 2013க்கு முந்தைய அச்சு, மடிப்பு, கிறுக்கல் இருந்தால் வாங்க மாட்டார்கள், அல்லது குறைத்து மதிப்பிடுவார்கள். 50, 100 டாலர் நோட்டுக்கு நல்ல விலை. பத்து, இருபதுக்குக் கம்மி. உள்ளூர் ஷில்லிங்கை அங்கேயே செலவழித்துவிடுங்கள், கோவைக்குக் கொண்டுவந்தால் மாற்றுவது பெரும்பாடு.

பையில் பிளாஸ்டிக் கேரிபேக் இருந்தால் எடுத்துவிடுங்கள். முறுக்கு, பொடி வகையறாவை நாம் பை பையாகக் கட்டித்தான் பழக்கம். கென்யா 2017இலும் தான்சானியா 2019இலும் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்துவிட்டன. விமான நிலையத்திலேயே கொட்டச் சொல்வார்கள். துணிப்பை, டப்பா போதும்.

7. தண்ணீருக்கு அருகே

கரையில் நின்று காலை நனைக்கத்தான் கை கால் பரபரக்கும். நனைக்காதீர்கள். கரையோரத்து அமைதியான நீரில், புல் பூண்டு உள்ள இடத்தில், நத்தைகள் வழியாகப் பரவும் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி இருக்கிறது. தோல் வழியாகவே உடம்புக்குள் புகும். தண்ணீரைக் குடிக்க வேண்டியதே இல்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் குதித்து விளையாடுவதைப் பார்த்து நம்பிவிடாதீர்கள், அவர்களுக்கும் அந்த நோய் வருகிறது. படகிலிருந்து இறங்கும்போது நனைய நேர்ந்தால் உடனே துண்டால் அழுத்தித் துடையுங்கள். ஆடிப்பெருக்குக்குக் காவிரியில் இறங்கிக் குளித்த பழக்கத்தில் இங்கேயும் முழுக்குப் போடலாம் என்று நினைக்கும் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

படகு நேரம்தான் அடுத்தது. பகலில் நிலம் சூடாகும், ஏரியிலிருந்து கரைக்குக் காற்று வீசும், பிற்பகலில் அலை கூடும். இரவில் நிலம் குளிர்ந்ததும் சுற்றியுள்ள எல்லாக் கரையிலிருந்தும் காற்று ஏரியின் நடுவை நோக்கி ஓடும். அங்கே வெதுவெதுப்பான நீர்மேல் மோதி மேலெழும்பி நள்ளிரவிலிருந்து விடியும்வரை இடியோடு மழை கொட்டும். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மீனவர்கள் இந்த ஏரியில் உயிரிழக்கிறார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். இந்த இரவுப் புயல் அதற்கு ஒரு பெரிய காரணம். ஆகவே விடிந்து வானம் தெளிந்த பிறகு ஏறி, மதியத்துக்குள் கரை சேர்ந்துவிடுங்கள். அந்தி நேரப் படகுச் சவாரி என்று விற்பார்கள். வளைகுடாவுக்குள் என்றால் போகலாம், திறந்த ஏரிக்குள் வேண்டாம்.

உயிர்காப்பு அங்கி ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகே பேரம் பேசுங்கள். குழந்தைகளுக்குக் குழந்தை அளவு வேண்டும். பெரியவர் அங்கி பிள்ளையின் தலைவழியே நழுவிவிடும். படகுக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

நாணல் ஓரம் நீர்யானை இருக்கும். பகலில் தண்ணீருக்குள் கிடக்கும், இருட்டியதும் புல் மேயக் கரை ஏறும். விடுதிப் புல்தரையில் இரவு உலாப் போவதற்கு முன் காவலாளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சில நாள் ஏரியின்மேல் புகைத்தூண் எழுவதுபோல் தெரியும். தீயில்லை, ஏரி ஈக்கள். கோடிக்கணக்கில் ஒன்றாகப் பறக்கும். கடிக்காது, ஆனால் கண், வாய், சோறு எங்கும் விழும். மாலையில் அறை விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலைச் சாத்துங்கள்.

8. எதைப் பார்ப்பது, எத்தனை நாள்

மபம்பா சதுப்புநிலத்துக்கு விடியற்காலை போக வேண்டும். ஷூபில் என்ற, ஆளின் மார்பளவு உயரமுள்ள சாம்பல் நிறப் பறவை அங்கே நாணலுக்குள் அசையாமல் நிற்கும். வெள்ளோடு, கூந்தன்குளம் என்று பறவை பார்க்கப் போகிறவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. சிறிய மரப்படகில் ஒடுங்கிய கால்வாய் வழியாகக் கூட்டிப் போவார்கள். படகுக்குப் பணம் ஆளுக்கா, படகுக்கா என்று கேட்டு முடிவு செய்துகொண்டு ஏறுங்கள்.

செசே தீவுகளில் பெரியது புகாலா. என்டபேக்குப் பக்கத்து நகிவோகோ துறையிலிருந்து எம்.வி. கலங்களா என்ற கப்பல் வழக்கமாகப் பிற்பகல் இரண்டு மணிக்குக் கிளம்பி மூன்றரை மணி நேரத்தில் சேரும். திரும்புவது மறுநாள் காலை எட்டு மணிக்கு. அதாவது ஒரு இரவு மட்டும் தங்கினால் தீவைப் பார்க்கவே நேரமிருக்காது. இரண்டு இரவு வையுங்கள். கப்பல் பழையது, பழுதுபார்க்க நிறுத்திவிடுவார்கள். முந்தைய நாள் விடுதிக்காரரிடம் போனில் கேளுங்கள். நின்றிருந்தால் மசாக்கா வழியாகச் சாலையில் புக்காகாட்டா போய், அங்கிருந்து வண்டிகளை ஏற்றும் இலவசப் படகில் முக்கால் மணி நேரத்தில் தீவுக்குப் போய்விடலாம். நாள் முழுக்க ஆகும், ஆனால் போகும் வழியில் கயப்வேயில் நிலநடுக்கோட்டைத் தாண்டுவீர்கள். தீவில் காட்டை வெட்டி எண்ணெய்ப்பனை நட்டிருக்கும் பெரிய பரப்பைப் பார்க்க மனம் ஒப்பாது. மிச்சக் காட்டுக்குள் கூட்டிப்போகும் வழிகாட்டியைக் கேளுங்கள்.

ஜின்ஜாவுக்கு ஒரு நாள் போதும். கம்பாலா நெரிசலில் பாதி நாள் போய்விடும் என்பதால் காலை ஆறு மணிக்கே வண்டி எடுங்கள்.

மொத்தத்தில் உகாண்டா கரைக்குத் தங்கும் நாள் ஆறு இருந்தால் அவசரமில்லாமல் பார்க்கலாம். கென்யாவையும் சேர்த்தால் புசியா எல்லை வழியாகச் சாலைப் பயணம், மேலும் மூன்று நாள். ஒரு நாட்டுக் கரையிலிருந்து இன்னொரு நாட்டுக் கரைக்குப் பயணிகள் கப்பலில் போய்விடலாம் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

9. சாப்பாடு

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். கம்பாலாவில் இந்திய உணவகங்கள் நிறைய. தெருவோரத்தில் சப்பாத்தி சுடாத மூலையே இல்லை. அதற்குள் முட்டையை வைத்துச் சுருட்டினால் அதற்கு ரோலெக்ஸ் என்று பெயர், எனவே முட்டை வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லுங்கள். மக்காச்சோள மாவுக் களியை போஷோ என்பார்கள். அவித்த பீன்ஸோடு தருவார்கள். வேகவைத்து மசித்த வாழைக்காய் மட்டோக்கே. தீவுகளில் இந்த மூன்றும் மீனும்தான், ஊறுகாய் கையில் இருக்கட்டும்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு: திலாப்பியா என்றால் நம்ம ஜிலேபிதான், முழுசாகப் பொரித்துத் தருவார்கள். நைல் பெர்ச் நம் கடலோரக் கொடுவாவுக்குச் சொந்தக்கார மீன். அது இந்த ஏரியில் பிறந்ததில்லை, 1950களில் கொண்டுவந்து விட்டது. ஏரிக்கே உரிய நூற்றுக்கணக்கான சிறுமீன் வகைகள் குறைந்துபோனதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. கரையில் வெள்ளியாகக் காயும் பொடிமீன் முகேனே. நிலவில்லாத இரவில் விளக்குக் கட்டிப் பிடிப்பார்கள். அமாவாசையை ஒட்டித் தங்கினால் ஏரியில் விளக்கு வரிசையைக் கரையிலிருந்தே பார்க்கலாம்.

10. திரும்பும்போதும், திரும்பிய பிறகும்

மஞ்சள் புத்தகத்தை லக்கேஜுக்குள் போட்டுவிடாதீர்கள். உகாண்டா, கென்யாவிலிருந்து வருகிறவர்களிடம் இந்திய விமான நிலையத்தில் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கைப்பையில், பாஸ்போர்ட்டோடு இருக்கட்டும்.

மலேரியா மாத்திரையை ஊருக்கு வந்த சந்தோஷத்தில் நிறுத்திவிடாதீர்கள், சொன்ன நாள்வரை விழுங்குங்கள். ஏரித்தண்ணீரில் நனைந்தவர்கள் இரண்டு மாதம் கழித்து பில்ஹார்சியாவுக்குப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மாத்திரையில் குணமாகிற நோய்தான், கண்டுபிடிப்பதில்தான் காலம் போகும். நம் ஊர் மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிற நோயில்லை என்பதால் ஏரியின் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். அடுத்த மூன்று மாதத்துக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும் அதே நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், கட்டணம் கிடையாது. எந்த நாட்டுக்குப் போனோம், எந்தத் தேதியில் வந்தோம் என்பதைச் சீட்டிலேயே எழுதச் சொல்லி வாங்குங்கள்.